தெருவுக்கு ஒரு கொடி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் சிநேகிதி பசை தடவி ஒட்டித் தருவாள், நான் தைப்பேன். வேலை முடிந்ததும் கம்பெனி பஸ் எங்களை ஹைவேயின் எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து சாலையைக் கடக்கும்போதுதான் லாரி இடித்து அவளுக்குக் கால் முறிந்தது. பஸ் எங்கள் ஊர்ப் பக்கத்து சர்வீஸ் ரோட்டுக்குள் வரவேண்டும் என்று மனு எழுதினோம். நாங்கள் மட்டும் கேட்டால் கம்பெனி காதில் போட்டுக்கொள்ளாது, ஊர்க்காரர்களின் கையெழுத்தும் வேண்டும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு வாய் ஜாஸ்தி. யாரிடம் எதைச் சொன்னால் எடுபடும் என்று தெரியும் என்கிற திமிரும் உண்டு. காலனிப் படிப்பகத்தில் “ஜெய் பீம் தோழர்” என்று ஆரம்பித்தேன். மசூதி கமிட்டிப் பெரியவரிடம், “எனக்குக் கட்சியெல்லாம் கிடையாது பாய், சிறுபான்மை மக்களுக்குத் துணையா நிக்கிறவ” என்றேன். சர்ச் பெண்களிடம், அரசியலே ஆகாது, சமூக சேவைதான் என்றேன். எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் சிவப்புச் சங்கத்தின் அட்டை என் பையில் இருந்ததை மூன்று இடத்திலும் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் டீ கொடுத்தார்கள். கையெழுத்தை ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து போடலாம் என்றார்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் மூன்று தெருப் பெண்களும் ஒரே லைனில் உட்கார்ந்து தைக்கிற ஊர் இது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று தெருக்காரர்களும் ஒன்றாகக் கூடினார்கள். படிப்பகத்து இளைஞர், “நம்ம தோழர் பேசுவாங்க” என்று அறிவித்தார். சர்ச் அக்கா ஒருவர், “அரசியல் ஆகாதுன்னியேம்மா” என்றார். பெரியவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீ இன்னா கட்சிம்மா? எங்களுக்கே ஆளுக்கு ஒண்ணு சொல்ற. நாளைக்குக் கம்பெனிக்காரன்கிட்ட இன்னா சொல்லுவ?”

அவமானத்தில் காது சுட்டது. மனு கையெழுத்தில்லாமலே மேஜைமேல் கிடந்தது.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் வாக்கரை ஊன்றிக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தாள்.

“அவ தைக்கிறவ பாய். நான் ஒட்டறவ. உடைஞ்சது என் காலு” என்றாள்.

பெரியவர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார். மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவளுக்காக மூன்று தெரு ஏறி இறங்கிய நான், அவள் வீட்டுக்கு மட்டும் போகவே இல்லை.

“கால் எப்படி இருக்கு?” என்று அன்றுதான் கேட்டேன்.