மெஷின் நின்ற இடங்கள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை போய், பிள்ளைகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. சேர்ந்த நான்காவது மாதம் ஒரு தையல்கார அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்துக்காகத் தினமும் ஆறு மைல் நடந்தவனுக்கு, பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிற திமிர் ஒரு தையல்காரிக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆசை. அந்த மிதப்போடுதான் மூன்று மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தவர் அவருடைய வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்ப்பவர், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாங்க சார். நான் நாள் முழுக்க மேலயும் கீழயும் போய்ட்டு வர்றவன். இவ மேல இருக்கிறவர்கிட்ட மட்டும்தான் பேசுவா" என்று கூரையைக் காட்டிச் சிரித்தார். "உங்களுக்கு நேரமாச்சு" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

முன்னறையில் ஒரு சுவர் முழுக்க ஆஸ்பத்திரிக்குத் தைக்கும் பச்சை அங்கிகள் அடுக்கு அடுக்காக இருந்தன. ஜன்னலோரம் மெஷின். நடுவில் மேஜை. அதைச் சுற்றி மூன்று பெண் பிள்ளைகள்: பதினொன்று, எட்டு, ஐந்து வயது. காலையில் வேதாகமத்தில் ஒரு பக்கம், பிறகு ஜெபம், அதற்கப்புறம் கணக்கு, மொழி, அறிவியல். சாயங்காலம் விளையாடி வந்து கால் கழுவியதும் ஒவ்வொருவரும் அன்றைக்குச் செய்த தப்பு ஒன்றை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். முதலில் அம்மா சொல்வார். அப்பா வீட்டில் இருந்தால் அவரும் சொல்ல வேண்டும். "அவருக்குத்தான் பட்டியல் நீளம்" என்றாள் நடுப்பிள்ளை.

ஏன் பள்ளியை விட்டு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"மூத்தவ ரெண்டாவது படிக்கறப்ப, சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணினா பிள்ளைங்க கேலி பண்ணுதுங்கன்னு சொன்னா. அது பரவாயில்ல தம்பி. அப்புறம் வீட்ல பார்த்தேன், கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. நடிக்கக் கத்துக்கிட்டா. அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன்."

இதெல்லாம் ஒரு காரணமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த வருடம் மூத்தவள் சோதனையில் தேற வேண்டும். தேறினால் மூவருக்கும் அனுமதி நீளும். இல்லையென்றால் அவள் பள்ளியில் சேர வேண்டும், மற்ற இருவரையும் அலுவலகம் கண்காணிக்கும். அக்கா அதைச் சொல்லும்போது கையிலிருந்த துணியை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டும். "ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடும்மா. அக்கா, நீங்க இந்தப் பக்கம் திரும்பக்கூடாது. உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

முப்பது மதிப்பெண்ணில் அந்தப் பிள்ளை இருபத்தாறு எடுத்தாள். பின்னக் கணக்கில் நடுநடுவே திணறி, நின்று, தானே திருத்திக்கொண்டாள். நான் அசந்துபோனேன். 'தாயின் உதவி சிறிதும் இன்றி' என்று அறிக்கையில் எழுதி, அதன் கீழ் கோடும் போட்டேன். அதிகாரி படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கய்யா" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் காலை அக்காவும் மூத்தவளும் அலுவலகத்தில் என் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். முந்தின நாள் தம்பி என்றவர் இப்போது சார் என்றார்.

"நான் தைச்சுக்கிட்டேதான் சார் இதுகளுக்குப் பாடம் எடுப்பேன். வாய்விட்டுச் சொல்லுவாங்க. தப்பு வந்தா என் கால் மிதியில இருந்து எழும்பிடும், மெஷின் நின்னுடும். அவங்க திருத்திச் சொன்னதும் ஓடும். நாலு வருஷப் பழக்கம். நேத்து முதல் கணக்குல என்னை அறியாமதான் நிறுத்தினேன். ரெண்டாவது கணக்குல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எழுந்து போயிருக்கலாம். போகல. அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் நிறுத்தினேன்."

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் தப்பு சொல்ற நேரம் வந்துச்சு. நான்தானே முதல்ல. சின்னவளைக் காரணமில்லாம அதட்டினேன்னு சொல்லி முடிச்சுட்டேன். அடுத்து இவ. மெஷின் நின்னப்ப எல்லாம் பதிலை மாத்தினேன், சார்கிட்ட சொல்லலன்னு சொன்னா. அவ்வளவுதான். அவ தப்பை மட்டும் சொன்னா. என்னோடதை எனக்குன்னு விட்டுவச்சுட்டா." குரல் இறங்கிவிட்டது. "என் பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியல சார்."

எனக்கு அறிக்கையில் போட்ட கோடுதான் நினைவுக்கு வந்தது. அதிகாரியின் அறைக் கதவு திறந்திருந்தது. குனிந்து, மெதுவாகச் சொன்னேன்: "விடுங்கக்கா. ஃபைல் மேல போயிடுச்சு. யாரும் கேக்கப்போறதில்ல. நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்லல."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "இதை இவளைப் பார்த்துச் சொல்லுங்க சார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி எதுவும் இல்லாத முகம். அப்பா கைநாட்டு வைத்து என்னைப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து நான் படித்த படிப்பில், அந்த முகத்துக்குச் சொல்ல ஒரு வாக்கியம் அகப்படவில்லை. நானாக எழுந்து அதிகாரியிடம் போனேன் என்று எழுதத்தான் ஆசை. போனவர் அக்கா. நான் பின்னால் போனேன். அதிகாரி என்னை ஒரு வார்த்தை கேட்டார், "கோடு வேற போட்டிருக்கே?"

அடுத்த வாரம் அலுவலகத்திலேயே மறுசோதனை. மூடிய அறை, எழுத்துத் தேர்வு. பதினான்கு எடுத்தாள். தேற பதினைந்து வேண்டும். ஒரு மதிப்பெண்ணை எங்கேயாவது கண்டுபிடிக்கலாமா என்று விடைத்தாளை மூன்று தடவை புரட்டினேன். கிடைக்கவில்லை.

முடிவைச் சொல்ல நான்தான் போனேன். லிஃப்ட்காரர் அன்று வேடிக்கை பேசவில்லை. "வாயைத் திறக்காம இருந்திருந்தா இந்நேரம் அனுமதி கையில இருக்கும்" என்றார் மனைவியிடம். பிறகு அவரே எழுந்து, "வாடி, ஸ்கூலுக்கு ஷூ வாங்கணும்ல" என்று மூத்தவளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். அக்கா என்னிடம், "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூத்தவள் இப்போது இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளியில் ஏழாம் வகுப்பில் இருக்கிறாள், கணக்கில் சுமார். மற்ற இருவருக்கும் அக்கா வீட்டில்தான் பாடம் சொல்லித்தருகிறார். அனுமதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சோதிக்க வேறொருவர் போகிறார். அந்த வீட்டை மாற்றித் தரச் சொல்லி நான்தான் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'தூரம்' என்று போட்டேன்.