தில்லைப் பால்

மூன்று வருடங்களுக்கு முன் கண்டக்குழியில் ஒரு சுற்றுலா விடுதியில் கூலி வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை இல்லாத ஒரு நாள், புத்தளம் களப்பு என்னும் உப்பேரியின் ஓரத்தில் இருந்த ஒரு தாவரத் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். வலைப் பந்தலுக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டையில் ஊன்றிய ஓர்கிட்டுகள் வரிசையாகப் பூத்திருந்தன. அவற்றைத் தொட எனக்குத் துணிவில்லை.

தோட்டத்தின் கடைசியில், தண்ணீரை ஒட்டி நின்ற மரத்தில் காட்டு ஓர்கிட் ஒன்று தானாகவே வேர் பிடித்திருந்தது. விடுதி முதலாளிக்குக் கொடுத்தால் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். கொப்பை முறித்துச் செடியைப் பைக்குள் போட்டேன். கையில் வெள்ளைப் பால் வடிந்தது. நான் மலைநாட்டில் பிறந்தவன், கடற்கரை மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதே கையால் முகத்து வியர்வையைத் துடைத்தேன்.

சற்று நேரத்தில் இரண்டு கண்களும் எரிந்தன. தடுமாறி வேலியில் போய் மோதினேன். என்னைவிட இளையவரான தோட்டக்காரர் ஓடி வந்தார்.

“என்ன நானா, கண்ணுல என்ன?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“தூசி, தம்பி.”

“மரம் மட்டை ஏதும் தொட்டீங்களா?”

“இல்ல.”

“தூசியெண்டா கண்ணீரோட போயிரும். கொஞ்சம் இருங்க” என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

எரிச்சல் கூடியது. விரலால் இமையைப் பிரித்துப் பார்த்தேன். வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு வீடு வாசல் கிடையாது. கண் போனால் யார் வேலை தருவார்கள்?

“தம்பி, அந்தக் கடைசி மரம். பூ எடுக்கக் கொப்ப முறிச்சன்” என்று கத்தினேன்.

“அல்லாஹ்வே, அது தில்ல. பால் பட்டாப் பார்வையே போயிரும்” என்றபடி அவர் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனார். இமைகளை விரித்துப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சினார். வலி தாங்காமல் அவரைத் தள்ளினேன்.

“ஏசுறதெண்டாப் பொறகு ஏசுங்க. இப்பக் கண்ணத் தொறங்க.”

முச்சக்கர வண்டியில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் போத்தலில் இருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தார். “களவுக்கு ஏத்த மரமாப் பாத்துத்தான் புடிச்சீங்க நானா” என்றார் ஒரு தரம். திருட்டைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

இரண்டு நாள் கண்கள் கட்டப்பட்டிருந்தன. பாங்கொலியை வைத்துத்தான் பகலையும் இரவையும் பிரித்தேன். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது, மங்கலாக ஜன்னல் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லாம் தெளிந்தது.

கண்ணே போகிறது என்ற நேரத்திலும் என் வாயில் முதலில் வந்தது பொய்தான் என்பதை நினைத்தால், எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.