தகவல் அறிவியல் படிக்க நினைத்தேன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில் குடியிருந்தபோது, பால் பூத்தில் நான் வாய் திறப்பதில்லை. இரண்டு விரலைக் காட்டுவேன். இரண்டு பாக்கெட் வரும். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளங்குமோ தெரியாது, தமிழ் பேசும் நாட்டில் தமிழ் பேசப் பயந்தேன். 'பேசினேன்' என்பதற்கு 'கதைச்சனான்' என்று எங்கள் ஊர்ச் சொல் தவறி வந்தால் போதும், வரிசையே திரும்பிப் பார்க்கும். முன்பெல்லாம் சிலோன்காரங்களா என்று பரிவாகக் கேட்டவர்கள், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு கேட்காமலே நகர்ந்து நின்றார்கள். ஊரில் ஹெலிகொப்டருக்குப் பயந்தோம். அது வருவது காதுக்குத் தெரியும். இங்கே பயம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியவில்லை.

பி.ஏ. முடித்துவிட்டுப் பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்தவள் நான். அந்த அலுமாரிகளுக்கு நடுவே ஒருநாளும் பயந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, கணவர் திருமழிசைப் பட்டறைக்கு வேலைக்குப் போன பகல்களில் ஆவடிக் கிளை நூலகத்தில் போய் உட்காரத் தொடங்கினேன். அங்கே நூலகராக இருந்த பெண்மணி மதுரைப் பக்கத்தவர், டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். மேற்கொண்டு படிக்க என்ன வழி என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். தினமும் கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் நூலகவியல் பட்டம் படிக்கலாம், பிறகு முதுகலை. போக முடியாவிட்டால் அதையே அஞ்சல் வழியில் படிக்கலாம். இன்னொன்று புதிது, நூலகத்தோடு தகவல் அறிவியலும் சேர்ந்தது. கம்ப்யூட்டர் உண்டு, வெளிநாட்டிலும் மதிப்பு என்றார். என் மனம் அந்தப் புதியதில்தான் போய் விழுந்தது.

முகவரிச் சான்று தேவைப்படும் என்று வீட்டுச் சொந்தக்காரர் சரோஜாம்மாவிடம் சொன்னேன். என்ன படிப்பு என்று கேட்டார். தகவல் அறிவியல் என்றேன். அவர் குழாயடியில் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்றார்.

"இன்னாம்மா, தகவல் படிக்கப் போறியாமே. இந்தாண்ட டாங்கி பேக்டரி, அந்தாண்ட ஏர்போர்ஸு. யாருக்குக் குடுக்கறதுக்கு இந்தத் தகவல்?"

புத்தகங்களுக்கு எண் கொடுத்துப் பிரிக்கிற படிப்பு என்றேன். எண் என்றதும் அவர் கண் சுருங்கியது. என்ன எண், யார் கொடுப்பது, வேறு யாருக்குப் புரியும் என்று கேட்டார். வாயைத் திறக்கத் திறக்க இன்னும் சிக்கிக்கொண்டேன். சரோஜாம்மாதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"புக்கு அடுக்கற படிப்பு சார் அது. என் ஊட்லதான் கீது இந்தப் பொண்ணு, எங்கியும் போவாது."

மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போனார். கணவரும் நானும் காலையிலிருந்து மாலைவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஆனால் உள்ளே தொலைபேசி அடித்தபோதெல்லாம், அகதி முகாமுக்கு அனுப்பிவிடுவார்களோ, அவரை மட்டும் பிரித்துக் கொண்டுபோவார்களோ என்று அந்தக் கதவையே பார்த்தேன். கடைசியில் பெயர்களை மறுபடி எழுதிக்கொண்டு, எங்களைப் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் கணவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "படிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. அந்தச் சொல் இல்லாத படிப்பாப் பாரும்."

அப்படியே செய்தேன். அஞ்சல் வழியில் வெறும் நூலகவியல். பாடக் கட்டோடு தபால்காரர் வந்தால், அதை வாங்குமுன் யார் பார்க்கிறார்கள் என்று தெருவைப் பார்ப்பேன். சரோஜாம்மா எல்லோரிடமும் லைப்ரரி படிப்பு என்றே சொன்னார். தகவல் என்ற சொல்லை வீட்டுக்குள்கூட நாங்கள் சொல்லவில்லை.

பட்டம் கிடைத்துவிட்டது. இப்போது பூந்தமல்லியில் ஒரு பள்ளி நூலகத்தில் இருக்கிறேன். பேச்சு மாறிவிட்டதால் பிள்ளைகள் என்னை இந்த ஊர்க்காரி என்றே நினைக்கிறார்கள். முதுகலைக்கு விண்ணப்பிக்க இன்னும் துணிவு வரவில்லை. போன மாதம் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகக் கட்டுக்குள் இலங்கைப் புவியியல் ஒன்று இருந்தது. வடக்குக் கரையின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நான் படித்த முறைப்படி அதற்கு இடம் கடைசி அலுமாரி, வெளிநாடுகள். எண் எழுதி, என் கையாலேயே அங்கே வைத்தேன். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, இரண்டு அலுமாரி தள்ளிப் போய், தமிழ்நாட்டு வரலாற்றை அடுக்குகிறவள் போல நின்றுகொண்டேன்.