மொட்டைக்கு முடி வைத்த வாரம்

பையன் தலையில் முடி இல்லை, ஐ.டி. கார்டுப் போட்டோவில் முடி வேண்டும் என்றான். கோளாறு இவ்வளவுதான்.

போட்டோ ஸ்டூடியோத் தொழிலில் மே மாதம் முழுக்க ஈ ஓட்டலாம். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் டீ குடிக்க நேரம் இருக்காது. எனக்கு மேற்குத் தாம்பரத்தில் கடை. ஊர் சுற்றிவிட்டுக் கடைசி நேரத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிவருகிற பெற்றோர்களே, அவர்களுக்காகக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சக தொழில்காரர்களே, இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கூத்துதான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தலையை மாற்றவில்லை.

பாதி சீவிய மாங்காய்

குடும்பம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா சுந்தர், ஆபீஸ் உத்தியோகம். அம்மா மீனா, டீச்சர். மகன் கவின், புதுப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேரப்போகிறவன். மகள் யாழினி, யூ.கே.ஜி. லீவு முடிகிறதே என்று கோவளம் போய் நாள் முழுக்க அலையில் கிடந்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் மீனாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது: புதுப் பள்ளியில் இடம் கிடைத்தால் மொட்டை என்று வேண்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் இவர்கள் குலதெய்வம். பையன் தலையை அங்கே ஒப்படைத்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தார்கள். தலையில் சந்தனம் காயவில்லை. யாழினி செருப்பில் கோவளத்து மணல். அதை என் தரையில் கொட்டிவிட்டு, உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கவின் ஸ்டூலில் உட்கார மாட்டேன் என்றான். "முடி ரெண்டு மாசத்துல வளந்துடும் அங்கிள். கார்டு ஏப்ரல் வரைக்கும் கழுத்துல தொங்கும். அந்த ஸ்கூல்ல ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது. மொட்டைதான் என் பேருன்னு ஆயிடும்." நியாயமான பேச்சு. இன்னொரு விஷயமும் கவனித்தேன். இவனுக்குக் காரியம் ஆகவேண்டும் என்றால் நான் அங்கிள், இல்லாவிட்டால் தாத்தா.

வரிசையில் ஆள் நின்றது. உட்காருடா என்றேன். எடுத்தேன். புருவத்துக்குக் கீழே வெயிலில் வெந்து கருத்த முகம். மேலே வெள்ளை வெளேரென்று தலை. பாதி தோல் சீவிய மாங்காய். பிரிண்டைப் பார்த்ததும் கவின் அழுதான், கசக்கித் தரையில் எறிந்தான். சுந்தர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் ஒரே கலரா பண்ணிடுங்க சார். எந்தக் கலர்னாலும் பரவால்ல."

இல்லாத தம்பி

மறுநாள் காலை மீனா ஒரு பழைய போட்டோவோடு வந்தார். கவின் ஒன்றாவது படித்தபோது நானே எடுத்தது. தலை நிறைய முடி. முன்பல் இல்லை. கன்னம் பூரி மாதிரி. "இதையே காப்பி போட்டுக் குடுங்க சார்" என்றார். செல்லாது என்றேன். டீச்சரிடம் சொல்லி யார் ஜெயித்திருக்கிறார்கள்? போட்டுக் கொடுத்தேன்.

மத்தியானமே திரும்பி வந்தார். பள்ளிக்கூட ஆபீஸில் இருந்த கிளார்க் போட்டோவைப் பார்த்திருக்கிறார், பக்கத்தில் நின்ற கவினைப் பார்த்திருக்கிறார், "தம்பிக்கு அட்மிஷன் பின்னாடி பில்டிங்மா" என்று வழி காட்டியிருக்கிறார். கவின்தான் இது என்று மீனா எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. மீனாவுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா அந்தத் தம்பிக்கும் ஃபீஸ் கட்ட வெச்சிருப்பாங்க சார்!"

கல்யாண முடி

அன்று சாயங்காலம் சுந்தர் குடும்பத்தோடு வந்தார். "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல முடி வெச்சிடலாமே சார்?" வைக்கலாம். மருவை எடுத்திருக்கிறேன், கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தை எடுத்திருக்கிறேன், ஒரு முறை மாப்பிள்ளையின் அண்ணனையே எடுத்திருக்கிறேன். முடி எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. மகனுக்கு அப்பா முடி பொருந்துமே என்று வாயைத் திறந்தேன். மீனா, "அவருக்கே பத்தலை சார்" என்றார். சுந்தர் சுவரைப் பார்த்தார்.

என் ஃபைல்களில் தை மாதக் கல்யாணம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல அடர்த்தி, பார்லரில் ஊதித் தூக்கிவிட்ட முடி. அதை வெட்டிக் கவின் தலையில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நெற்றியும் மறைந்தது. ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போகிற பையனைக் காணவில்லை. பெண் பார்க்கப் புறப்பட்டவன் ஒருவன் ஸ்கிரீனில் சிரித்தான். யாழினிதான் கேட்டாள்: "அண்ணாவுக்கு எப்ப தாத்தா கல்யாணம்?"

ராஜா பார்ட்

வியாழக்கிழமை சுந்தரின் சிநேகிதர் கோபால் வந்தார். பம்மலில் நாடகத்துக்கு உடுப்பும் டோபாவும் வாடகைக்கு விடுகிற கடை. கையில் ஒரு பை, பைக்குள் முடி. "இன்னா சார் யோசிக்கிற? கம்ப்யூட்டர் முடில்லாம் வேலைக்காவாது. இது ஒரிஜினல். வெச்சிப் பாரு, புள்ள ராஜா மாதிரி கீறான்." உண்மைதான், ராஜா மாதிரிதான் இருந்தான். தோள் வரைக்கும் சுருள். சுருளை மடித்துக் காலருக்குள் திணித்தோம். கழுத்து மறைந்துவிட்டது. கவின் அசையாமல் உட்கார்ந்திருந்தான். முகத்தில் வியர்வை சொட்டியது.

அண்ணனுக்கு வேர்க்கிறதே என்று யாழினி டேபிள் ஃபேனைப் போட்டாள். டோபா எழும்பியது. பறந்து போய் என் லைட்டுக் குடைக்குப் பின்னால் விழுந்தது. அந்த மூலையில் ஒரு கறுப்புப் பூனை வந்து படுப்பது வழக்கம். எனக்குக் கண்ணாடி இல்லாமல் அவ்வளவு தூரம் சரியாகத் தெரியாது. துடைப்பத்தை எடுத்து இரண்டு வைத்தேன். கோபால் பாய்ந்து என் கையைப் பிடித்தார். "அடிக்காத சார், அடிக்காத! நாளிக்கு அது ராமர் தலைக்குப் போவணும்!"

கடைசியில் கல்யாண முடியையே நான்கு பக்கமும் வெட்டிக் குறைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் வயது குறைந்தது, மாப்பிள்ளைக்களை குறையவில்லை. பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது. மீனா கடையில் நின்று, மொட்டைப் படம் ஒன்றுகூட என் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது என்று அழிக்க வைத்தார். "நாளைக்கு யாராவது பாத்து என் புள்ளையக் கேலி பண்ணக் கூடாது சார்."

திங்கட்கிழமை

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் கவின் யூனிபார்மோடு வந்தான். பின்னால் அம்மா, அப்பா, தங்கை. கார்டைக் கழற்றி என் மேஜையில் வீசினான். விஷயம் இது: வகுப்பில் போய்ப் பார்த்தால் பாதிப் பையன்கள் மொட்டை. ஒருவன் பழனி, ஒருவன் திருப்பதி, ஒருவன் திருத்தணி. லீவு முடிகிற நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் வேண்டுதல் ஞாபகம் வந்திருக்கிறது. எல்லோர் கார்டிலும் சந்தனத்தோடு மொட்டை. இவனைப் பார்த்ததும் இடம் விட்டு நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதுவரைக்கும் நல்லபடியாகத்தான் போயிருக்கிறது. பிறகு மிஸ் கார்டைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் பார்த்தார். "இது யாரு, உங்க சித்தப்பாவா?" என்றார். மொத்த வகுப்பும் எட்டிப் பார்த்தது. கவின் மேஜையில் குத்தினான். "மொட்டையா இருக்கிற யாரையும் மொட்டைன்னு கூப்பிடல அங்கிள். என்னை மட்டும் மாப்ளன்னு கூப்பிடுறாங்க!"

தேவை: ஒரு மொட்டை

இப்போது மொட்டைப் போட்டோ வேண்டும். என்னிடம் இல்லை; அழிக்கச் சொன்னவர் எதிரிலேயே நிற்கிறார். சரி, புதிதாக எடுக்கலாம் என்று உட்கார வைத்தேன். தலையில் முள் முளைத்துவிட்டது. முகத்தில் கோவளத்துத் தோல் உரிந்து திட்டுத் திட்டாகத் தொங்கியது. எடுத்ததைப் பார்த்துக் கவினே, "இதுக்கு மாப்ளயே தேவல" என்றான். திரும்ப ஒரு தடவை வழித்துவிடலாமா என்று சுந்தர் கேட்டார். சாமிக்குக் கொடுத்த தலையில் கத்தி வைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மீனா. அதற்குள் சுந்தர் போனில் கோபாலைப் பிடித்துவிட்டார். போனில் வந்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது: "மொட்டை டோபா கீதுபா! முனிவர் வேஷத்துக்கு வெச்சது. எடுத்தாரட்டா?"

வேண்டாம் என்று நானும் மீனாவும் ஒரே குரலில் கத்தினோம். பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். நல்ல சத்தம். வரிசையில் நின்றவர்கள் போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் ஓய்ந்து திரும்பிப் பார்த்தால், யாழினி தரையில் உட்கார்ந்து கவின் கார்டில் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் பசை டப்பா. அன்றைக்குக் கவின் கசக்கி எறிந்த பிரிண்டில் ஒரு படத்தைப் பிய்த்து எடுத்துப்போய்த் தன் பென்சில் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்திருந்திருக்கிறாள். இப்போது அதை உரித்து, மாப்பிள்ளை தலை மேல் ஒட்டிவிட்டாள். சந்தனம், பாதி சீவிய மாங்காய், நெற்றியில் ஒரு மடிப்பு, மடிப்பில் கொஞ்சம் கோவளத்து மணல். கவின் அசல் கவினாக இருந்தான். அது எதற்கு உன் பென்சில் பாக்ஸில் என்று மீனா அதட்டினார். "மிஸ்ஸும் கேட்டாங்க. எங்க வீட்டு சாமின்னு சொன்னேன்."

ஒட்டினதற்குப் பள்ளிக்கூடத்தில் திட்டுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் பையன் கடைவாசலில் நின்று, உள்ளேகூட வராமல், கத்தினான். என்னைக் கூப்பிட்டதில் அங்கிள் போய்விட்டது, காரியம் முடிந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். "மிஸ் கார்டைப் பாத்து ஒண்ணுமே சொல்லல தாத்தா. கவின்னு கூப்பிட்டாங்க. இப்ப எல்லாரும் கவின்னுதான் கூப்பிடுறாங்க!"

ஆக, ஒரு டீச்சர், ஒரு ஆபீசர், பம்மல் டோபா, என் கம்ப்யூட்டர், என் இத்தனை வருஷத்துத் தொழில் எல்லாம் சேர்ந்து ஒரு வாரம் கெடுத்த காரியத்தைக் கொஞ்சம் பசையை வைத்துச் சரிசெய்தவள், யூ.கே.ஜி. யாழினி.