சிவந்த வெனிலின்

வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பொடி ரோஜா நிறத்தில் கிடந்தது. என் அண்ணியை நினைக்கும்போதெல்லாம், அவர் விவரித்த அந்தக் காட்சியே முதலில் எழுகிறது. கும்மிடிப்பூண்டி வாசனைப்பொருள் ஆலை ஒன்றில் பொடி சலிக்கும் பிரிவில் அவருக்கு வேலை. அப்பொடி எத்தில் வெனிலின். வெனிலாக் காய்க்கு மணம் தரும் வெனிலினில் ஒரு மெத்தில் தொகுதி உண்டு. அதன் இடத்தில் எத்தில் தொகுதியை அமர்த்தினால் இன்னும் வலிய மணம் பிறக்கிறது. ஒரே ஒரு கரி அணு கூடியதற்கா இத்தனை ஆற்றல் என்று இன்றும் வியக்கிறேன்.

அந்த மழைக்காலத்தில் பொடி சிவந்ததும், சலிக்கும் பெண்களின் நெற்றிக் குங்குமம் உதிர்ந்ததே காரணம் என்று மேலாளர் தீர்ப்பளித்தார். பொட்டு வைத்தவர்கள் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம். நாங்கள் கிறித்தவர்கள், அண்ணி வாய் மூடியிருந்தால் அவர் வேலைக்கு ஆபத்தில்லை. தோழியர் வேலைதான் போகும். அவர் வாய் மூடவில்லை.

நாளெல்லாம் அந்த மணத்திலேயே நிற்பவர் மூக்குக்கு அது தெரிவதில்லை. எனவே சிவந்த பொடியில் ஒரு சிட்டிகையை வாயிற்காவலரிடம் நீட்டியிருக்கிறார்.

"வாசனையே இல்லியேம்மா, இன்னாத்த மோந்து பாக்க சொல்ற?"

அன்று மாலை, பட்டிமன்ற உரை எழுதிக்கொண்டிருந்த என் முன் வந்து நின்றார். "குங்குமம் வுழுந்தா செவக்கும், சரி. வாசன எங்க தம்பி பூடுச்சி?"

"அறிவியல் என்னும் பேரொளி..." என்று தொடங்கினேன்.

"மைக்க ஆஃப் பண்ணிட்டு புக்க எடுப்பா."

பீனால்கள் இரும்போடு சேர்ந்தால் நிறம் காட்டுவதைப் பள்ளி ஆய்வகத்திலேயே கண்டவன் நான். எத்தில் வெனிலினும் ஒரு பீனால். இரும்பு பட்டால் அது சிவக்கும், மணமும் அழியும் என்று புத்தகத்தில் இருந்ததை உரக்க வாசித்தேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

"எவர்சில்வர் கரண்டி ஒடஞ்சிச்சின்னு ஸ்டோர்ல இரும்புக் கரண்டி குடுத்தாங்கப்பா!"

மறுநாள், அண்ணி கேட்டுக்கொண்டபடி, ஆய்வக அலுவலர் நீர் தெளித்த பொடியை இரு தட்டுகளில் வைத்தார். குங்குமம் இட்ட தட்டில் சிவப்புப் புள்ளிகள் தனியே நின்றன, மணம் குறையவில்லை. துருப்பிடித்த கரண்டி கிடந்த தட்டோ மாலைக்குள் சிவந்து, மணமிழந்தது. "கரண்டிய மாத்துங்க" என்பதோடு மேலாளர் முடித்துக்கொண்டாராம்.

இன்று அப்பிரிவின் வாசலில் இரும்புக்குத் தடை என்று பலகை தொங்குகிறது, குங்குமத்துக்குத் தடையில்லை. அந்தத் திங்கட்கிழமை தோழியர் எல்லாரும் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டோடு ஆலை வேனில் ஏறினார்களாம்.

"இன்னாங்கடி, நெத்தி முழுக்க ஸ்டாக்கு வெச்சிருக்கீங்க?" என்று அண்ணி கேட்க, ஒருத்தி சொன்னாளாம்:

"மேனேஜருக்குத் தூரத்துலேந்தே தெரியட்டும்க்கா!"