சேசுராஜ் போட்ட பின்சீட்டு

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் இருக்கும் சேசுராஜின் கடைக்குப் போர்டு கிடையாது. வாசலில் தொங்கும் ரெக்சின் சுருள்கள்தான் போர்டு. சுற்றுவட்டாரத்தில் யார் கார் வாங்கினாலும், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு நேராக இங்கே வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முப்பத்தோரு வருடமாக அப்படித்தான். 'சீட்டு சேசுராஜ்' என்று சொன்னால்தான் ஊருக்கு ஆளைத் தெரியும். அவர் போட்ட கவரில் ஒரு சுருக்கத்தைப் பார்க்க முடியாது, அவர் வாயில் ஒரு நல்ல வார்த்தையைக் கேட்க முடியாது என்று டீக்கடையில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

கடைக்குப் பின்னால், வேலிக்காத்தான் ஓரமாக, நீலத் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் கிடந்தது. மகள் ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்காக வாங்கியது. ஏற்கெனவே இரண்டு கை மாறிய பழைய வண்டிதான் என்றாலும், தன் கையாலேயே சீட்டு தைத்துப் போட்டு, மருமகன் விக்டரிடம் சாவியைக் கொடுத்தார். மெரூன் நிறமும் ஓரத்தில் வெள்ளைப் பட்டியும் ஸ்டெல்லாவே கடையில் உட்கார்ந்து பொறுக்கியவை. ஆர்.சி. புத்தகம் மட்டும் சேசுராஜ் பெயரிலேயே இருந்துவிட்டது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நம் ஊரில் அந்த அப்புறம் என்றைக்கு வந்திருக்கிறது?

இரண்டு வருடத்துக்கு முன்னால், அனந்தபுரத்தில் விக்டர் கட்டிய புது வீட்டைப் பாதிரியார் வந்து மந்திரிக்க இரண்டு நாள் இருக்கும்போது, புருஷனும் பெண்டாட்டியும் மாதா சொரூபம் வாங்கப் புதுச்சேரிக்குப் போனார்கள். மூன்று வயது மகள் ரீட்டாவுக்குக் காய்ச்சல் என்று செஞ்சியில் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டடி உயர மாதாவை டிக்கியில் படுக்க வைக்க ஸ்டெல்லாவுக்கு மனசு வரவில்லை. முன்சீட்டில் சாய்த்து வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து மாதாவுக்கு மாட்டிவிட்டு, பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மண்டகப்பட்டு திருப்பத்தில், இருட்டுகிற நேரம், ஒரு கரும்பு டிராக்டர் விளக்கில்லாமல் நடுரோட்டில் நின்றிருந்தது. விக்டருக்கு நெற்றியில் நான்கு தையல். மாதாவின் சுண்டுவிரல்கூட உடையவில்லை. பின்சீட்டில் இருந்த ஸ்டெல்லா முன்கண்ணாடிவரை வந்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாவுக்கு வந்த சனங்கள் அழுதுகொண்டே, மாதா செய்த புதுமையைப் பார், அற்புதத்தைப் பார் என்று சொரூபத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். அதைக் கேட்கக் கேட்க சேசுராஜுக்குப் பொறுக்கவில்லை. மாதா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா அந்த வண்டியில் ஏறினாள்? அவருக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. டிராக்டர்காரன் யாரோ எவனோ. மருமகன் கண்முன்னால் நின்றான். கல்லறையில் மண் போடக் குனிந்தவனைப் பிடித்து நிமிர்த்தினார்.

"எம் பொண்ண கொன்னுட்டு, நீ மட்டும் பெல்ட்டு போட்டுக்கினு பொழச்சி வந்துட்டியாடா?"

ஊரே கேட்டது. விக்டர் வாயைத் திறக்கவில்லை. திறக்காததே அவன் தப்புக்குச் சாட்சி என்று ஆகிப்போனது. ரீட்டாவை அவன் கையில் கொடுக்க மாட்டேன் என்றார் சேசுராஜ்.  பெற்ற பிள்ளையைக் கேட்டு அவன் கோர்ட்டுக்குப் போகவில்லை, பஞ்சாயத்து வைக்கவில்லை. அனந்தபுரத்தில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டு கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குச் செஞ்சிக் கோயில் வாசலில், கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து நிற்பான். சேசுராஜின் மனைவி ஆரோக்கியம் பத்து நிமிடம் பிள்ளையை அவனிடம் விடுவாள். சேசுராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் நடந்துவிடுவார்.

இத்தனைக்கும் அவன் மாமனாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது பிள்ளை இல்லை, கார். விபத்துக் கேஸ் முடிந்து, வண்டியை இனி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆன வாரமே கடை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, அந்த வண்டிய அப்டியே காயலாங்கடைக்குப் போட்டுடலாம். நசுக்கற மிசின்ல உட்டுட்டா போவுது. ஆள நானே இட்டாறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"இன்னா அவசரம் உனக்கு?"

"தெனம் உங்க கண்ணுல படுதில்ல மாமா. வேணாம்."

"எங்கண்ணுல படட்டும். உங்கண்ணுலயும் படணும்டா. போ."

வண்டியோடு சேர்த்துத் தன் தப்பையும் நசுக்கிவிடப் பார்க்கிறான் என்று சேசுராஜுக்குத் தோன்றியது. அவருக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் அது தோன்றல் இல்லை, சத்தியம். விக்டர் இரண்டாம் தரம் கேட்டான், மூன்றாம் தரம் ஆரோக்கியத்திடம் சொல்லி அனுப்பினான். அவன் கேட்கக் கேட்க இவருக்கு வீம்பு ஏறியது.

"மாப்ள சொல்ற மாதிரி செஞ்சாதான் இன்னா? உங்க கிரீடம் எறங்கிடுமா?" என்றாள் ஆரோக்கியம்.

"நசுக்கணும்னு அவன் சொல்றான் இல்ல, நான் நசுக்க மாட்டேன்."

அதற்காக வண்டியைக் கட்டி அழவும் முடியாது. தார்ப்பாய் கிழிந்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கியிருந்தது. பழைய வண்டி வாங்குகிற தனகோட்டியை வரச் சொன்னார். தனகோட்டி வண்டியை ஒரு சுற்று சுற்றி, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, விரல் மடக்கினான்.

"மூணு வழி இருக்குதுண்ணா. அப்டியே குடுத்தா, முன்னாடி தட்டி நிமித்தி, பெயிண்ட் அட்ச்சி, எவனாவது வெளியூர்க்காரன் தலையில கட்டிடலாம். உசுரு போன வண்டின்னு அவனுக்கு இன்னா தெரியும்? பிரிச்சம்னா எஞ்சினு, டோரு, சீட்டு எல்லாம் தனித்தனியா போவும். கொஞ்சம் நாளாவும். எடைக்குப் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"எம் பொண்ணு செத்த வண்டில, தெரியாம இன்னொருத்தன் பொண்ணு ஏறி ஒக்கார்றதா? அது வேணாம். எடைக்கும் வேணாம். பிரிச்சிடு."

மறுநாள் காலையில் தனகோட்டி ஸ்பானர் பையோடு வந்தான். மதியத்துக்குள் எஞ்சின் இறங்கிவிட்டது, கதவுகள் நான்கும் வேலியில் சாய்ந்து நின்றன. சீட்டில் கை வைக்கப் போனவனை சேசுராஜ் தடுத்தார். நான் தைத்ததை நானேதான் பிரிப்பேன் என்றார். முன்சீட்டு இரண்டும் வந்தன. பின்சீட்டைத் தூக்கி வெயிலில் போட்டு, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பிளேடால் ஓரத் தையலை அறுத்தார்.  கவர் உரிந்து வந்தது.

ஸ்பாஞ்சின் மேல், படுக்க வைத்த மாதிரியே, சீட் பெல்ட் மாட்டுகிற லாக்குகள் மூன்று. சிவப்புப் பொத்தான்கள் கடையில் வாங்கினது போல இருந்தன. ஒரு தூசு இல்லை.

படுக்க வைத்தவர் அவர்தான். இந்த வண்டி என்று இல்லை, எல்லா வண்டியிலும் அப்படித்தான். லாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கவரை இழுத்துக் கட்ட முடியாது, சுருக்கம் விழும், உட்காருகிறவர்களுக்கு இடுப்பில் குத்தும். முன்னால் இருப்பதை விட்டுவைப்பார், போலீஸ்காரன் பார்ப்பான். பின்னால் எவன் எட்டிப் பார்க்கப்போகிறான்? உள்ளே தள்ளி, மேலே இழுத்து, தையல் தெரியாமல் மூடிவிடுவார். செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்காமலே செய்வதுதான் நல்ல வேலை என்று முப்பத்தோரு வருடமாக நினைத்திருந்தார்.

"அட, லாக்கு மூணும் புத்தம் புதுசா இருக்குதே. இது தனியா போவும்ணா" என்று கிட்டே வந்த தனகோட்டி, அவர் முகத்தைப் பார்த்தான். லாக்குகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு விளங்கியது.

"நீ மட்டுமாண்ணா? எல்லாரும் அப்டிதான் தெக்கறாங்க" என்றான்.

ஆறுதலுக்குத்தான் சொன்னான். சேசுராஜ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மாதாவைப் பிடித்து நிறுத்தியது ஒரு பட்டை. புதுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பட்டைதான் பின்னாலும் இருந்தது. மாட்டுவதற்கு இடம் இல்லாமல் ஓரத்தில் சும்மா தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கல்லறையில் தான் கத்தியது அவர் காதில் விழுந்தது. நீ மட்டும் பெல்ட்டு போட்டுக்கினு.

எழுந்தபோது அவர் செய்த காரியத்தை நாம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கவரைப் பழையபடி லாக்குகள் மேல் இழுத்துப் போட்டார்.

"எதுவும் பிரிக்க வேணாம். எஞ்சினு டோரு எல்லாம் அள்ளினு போயி மொத்தமா நசுக்கிடு" என்றார்.

 சாயங்காலம் வண்டி போய்விட்டது. வேலியோரம் புல் முளைக்காத ஒரு செவ்வகம் மட்டும் மிச்சம். இனி யாருக்கும் தெரியாது. பேத்தி தன்னிடம் இருப்பாள், கொலைகாரன் என்கிற பெயர் விக்டரிடம் இருக்கும். அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தார். வாய் நீளம் உள்ள மனிதர்கள் பலபேர் இந்த இடத்தில் கோழைகள்தான்.

நான்கு நாள் அவர் தையல் மிஷின் பக்கம் போகவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். ஞாயிறன்று பூசை முடிந்து, தட்டில் இட்லி வைத்துக்கொண்டே ஆரோக்கியம் சொன்னாள்:

"வண்டி போயிடுச்சின்னு மாப்ளகிட்ட சொன்னன். அப்டியா, மொத்தமாவா போச்சின்னு ரெண்டு தடவ கேட்டாரு. மாமா கண்ணுல ஒண்ணும் படலியே அத்தைன்னாரு. எதுவும் படலப்பான்னன். அப்பாடான்னு சொல்லிட்டு, அங்கியே ஒக்காந்து அழுவுறாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

சேசுராஜ் தட்டிலிருந்து கையை எடுத்தார். அவனுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். நசுக்கிவிடலாம் என்று வந்து வந்து நின்றானே, அது தன் தப்பை மறைக்க இல்லை.

ரீட்டாவின் துணிமணிகளை ஒரு கட்டைப்பையில் போடச் சொன்னார். ஏன் என்று கேட்ட ஆரோக்கியத்துக்கு, வந்து சொல்கிறேன் என்றார். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அனந்தபுரம் பஸ் ஏறினார்.

இரண்டு வருடம் ஆகியும் அந்த வீடு மந்திரிக்கப்படவில்லை. முன்னறை முழுக்க மோட்டார்களும் செம்புக்கம்பியும். மூலையில் ஒரு துண்டு போர்த்தி மாதா நின்றாள். தரையில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்த விக்டர், ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துவிட்டு வந்த மகள் மதியமே வாசலில் நிற்பதைக் கண்டு எழுந்தான். ரீட்டா ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மாப்ள" என்றார் சேசுராஜ். அந்த வார்த்தையை அவர் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. "நான் பாத்துட்டேன். பின்சீட்ட நாந்தான் பிரிச்சேன்."

விக்டர் பிள்ளையை உள்ளே போய் விளையாடச் சொன்னான். 

"நீங்க பாக்கக்கூடாதுன்னுதான் மாமா அவ்ளோ சொன்னேன்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல? கல்லறையிலயே எம் மூஞ்சில காறித் துப்பி இருக்கலாமே?"

"சொன்னா அவ திரும்பி வந்துடுவாளா? பொண்ணும் போயி, நம்ம கையாலதான் போச்சின்னு தெரிஞ்சா நீங்க ஒரு வாரம் தாங்க மாட்டீங்க. என்னைத் திட்டினு இருந்தா இருந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. பாண்டிலர்ந்து கெளம்பறப்பவே." விக்டர் கம்பியைக் கையில் சுற்றினான், பிரித்தான். "மாதாவுக்குப் பெல்ட்ட மாட்டிட்டு, நானும் போட்டுக்கறேன்னு பின்னாடி பட்டைய இழுத்தா. சீட்டுல கைய உட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லாக்கத் தேடினா. கெடைக்கல."

"அப்புறம்?"

"வேணாம் மாமா."

"சொல்லு மாப்ள. எனக்கு வேணும்."

"சிரிச்சா. எங்க நைனா வேலன்னா வேலதாங்க, தேடினாலும் தையலு எங்க இருக்குதுன்னு தெரியல பாருன்னா. பெருமையாதான் சொன்னா மாமா."

சேசுராஜுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. துணிப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு, பேத்தியிடம்கூடச் சொல்லாமல் இறங்கி, பஸ் ஸ்டாண்டுவரை வெயிலில் நடந்தார்.

அன்று சாயங்காலமே ஆரோக்கியத்திடம் சொன்னார். அவள் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள், சோறு போடுகிறாள், இன்னும் பேசவில்லை. அனந்தபுரம் வீட்டு மந்திரிப்புக்கு ஒருநாள் போய்வந்தாள், அவரைக் கூப்பிடவில்லை.

கடை திறந்துதான் இருக்கிறது. இப்போது அவர் போடுகிற பின்சீட்டில் மூன்று இடத்தில் வாய் பிளந்திருக்கும், லாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சுற்றிலும் சுருக்கம் விழுந்திருக்கும். சேசுராஜுக்குக் கை போய்விட்டது என்று பாதிப்பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் நிற்கும் வண்டிகளில் தான் தைத்தது எது என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். கிட்டே போய், ஒரு நிமிஷம் கதவைத் திற என்று கேட்டு, பிளேடை எடுக்கிறார். சிலர் விடுகிறார்கள். பலர் விரட்டுகிறார்கள். நல்லா இருக்கிற சீட்டை ஏன் கிழிக்கிறாய் என்று கேட்பவர்களிடம் அவர் அதிகம் பேசுவதில்லை.

"எம் பொண்ணு தேடினா. கெடைக்கல" என்பார்.