பொலிஸ் நிலையத்தில் ஓர் இடியாப்ப உரல்

பாடசாலை விட்டுச் சற்று நேரம் ஆகியிருந்தது. தொழினுட்ப வரைதல் வகுப்பில் பிள்ளைகள் மேசைகளில் விட்டுப்போன டீ ஸ்கொயர் மட்டங்களைப் பொறுக்கிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புத் தயாளினியின் தாய் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார்.

“சேர், பிள்ளையைப் பொலிசில பிடிச்சு வச்சிருக்கினம். செக்பொயின்ட்ல பையைத் துறந்து பாத்தவங்களாம். ஏதோ குண்டின்ர படம் வச்சிருந்தவளெண்டு சொல்லுறாங்கள்.”

“குண்டின்ர படமோ? நான் வீட்டுச் சாமான் ஒண்டை அளந்து கீறச் சொல்லியெல்லோ விட்டனான்.”

“அதைத்தான் அவளும் சொல்லுறாள். ஆர் கேக்கிறாங்கள்? பின்னேரம் ஜீப் வருமாம். அதில ஏத்திப் போடுவாங்கள் சேர்.”

யுத்தம் நடந்த அந்த நாட்களில், அந்த ஜீப்பைப் பற்றிக் கொழும்பு வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். சந்தேகத்தில் பிடிபட்டவர்களைப் பின்னேரத்தில் அதில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோவார்கள். ஏற்றிவிட்டால் எங்கே, எத்தனை நாள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடமும் ஆகாத, ஓர் ஒழுங்கையில் வாடகை அறை எடுத்துத் தாயோடு இருக்கிற பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஜீப் வருவதற்கு முன் அவளை வெளியே எடுக்கவேண்டும். வேறு யோசனைக்கு இடமில்லை. வகுப்பறைப் பூட்டின் திறப்பைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, தாயையும் கூட்டிக்கொண்டு த்ரீவீலர் ஒன்றில் ஏறினேன்.

பொலிஸ் நிலையத்தில் நடந்ததைச் சொல்லுமுன், அந்தப் படம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். வாத்தியாராக வருமுன் துறைமுகப் பக்கம் கப்பல் திருத்தும் வேலைத்தலம் ஒன்றில் ட்ராஃப்ட்ஸ்மனாக இருந்தேன். மேல்மாடியில் இருந்து நாங்கள் வரைவோம், கீழே வெல்டிங்காரரும் லேத்காரரும் அந்தத் தாளைப் பார்த்துச் செய்வார்கள். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஓடிப்போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தாள் தானே பேசவேண்டும். அந்தப் புத்தியோடுதான் வகுப்புக்குள் வந்தேன்.

ஒவ்வொரு தவணையும் ஒரு வேலை கொடுப்பேன். வீட்டில் உள்ள ஒரு பொருளை அளந்து, மேலிருந்து பார்க்கும் பிளான், முன்னிருந்து பார்க்கும் எலிவேஷன், நடுவால் வெட்டிய செக்‌ஷன் மூன்றும் வரையவேண்டும். தாளின் மூலையில் இருக்கிற டைட்டில் புளொக்கில் பொருளின் பெயரை மட்டும் எழுதக்கூடாது. மறுநாள் தாள்களை மாற்றிக் கொடுப்பேன். வேறொரு பிள்ளை படத்தைப் பார்த்து இன்ன பொருள் என்று கண்டுபிடித்தால்தான் பெயர் ஏறும். ஒருமுறை ஒருவன் வரைந்த மண்ணெண்ணெய் அடுப்பைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் சாமியை வைத்து இழுக்கிற ‘சப்பறம்’ என்று சொல்லிவிட்டான். அடுப்புக்காரன் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். பென்சில் தீட்டாமல் வருகிறவனைப் பல் தீட்டாமல் வந்தவன் என்றே கூப்பிடுவேன். பிள்ளைகள் எனக்குக் ‘கோட்டு மாஸ்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

தயாளினி இடியாப்ப உரலை எடுத்திருந்தாள். அதை வரைந்து முடித்து, எனக்குக் காட்டக் கொண்டுவந்து, நான் ஸ்டாஃப் மீட்டிங்கில் இருந்ததால் திருப்பிக்கொண்டு போனபோதுதான் செக்பொயின்டில் பிடிபட்டிருக்கிறாள்.

பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரி, ஓஐசி என்போம், என் வயதுக்காரர். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், முன்னால் விரித்த தாள். சுவரோரத்து வாங்கில் தயாளினி தலையைக் குனிந்தபடி இருந்தாள். தாயை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ஓஐசியோடு நான் கதைத்தது முழுக்கச் சிங்களத்தில். இங்கே தமிழில் சொல்கிறேன்.

“இது உருளை. அடியில் துளைகள். பக்கத்தில் இரண்டு செட்டை. மேலேயிருந்து உள்ளே இறங்குகிற ஒரு தண்டு. எல்லாவற்றுக்கும் மில்லிமீற்றரில் அளவு. இது என்ன மாஸ்டர்?”

“இந்தியாப்ப வங்கெடிய,” என்றேன். இடியாப்ப உரலுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். “செட்டையல்ல, கைபிடி.”

“எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அது மரம். இப்படி இல்லை. அப்படியென்றால் பெயர் எழுதுகிற இடத்தில் ஏன் பெயர் இல்லை? மற்றக் கட்டங்களில் எல்லாம் எழுதியிருக்கிறதே.”

என் வழக்கத்தை விளக்கினேன். பெயர் எழுதாமல் படம் வரையச் சொல்லும் பாடசாலையைத் தான் கேள்விப்பட்டதேயில்லை என்றார். அடையாள அட்டையை நீட்டினேன். அது எல்லாரிடமும் இருக்கிறது என்றார். அவர் கத்தவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கத்துகிற மனிதனை ஆற வைக்கலாம், முடிவெடுத்துவிட்டவரை என்ன செய்வது? அந்நேரம் கொன்ஸ்டபிள் ஒருவர் வந்து, ஜீப் வெளிக்கிட்டுவிட்டதாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழி தெரியாமல், படத்தை வைத்தே விளக்கிப் பார்ப்போம் என்று தாளை என் பக்கம் திருப்பினேன். அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்க்கிறேன். வெளிக்கோடு தடிப்பாக, அளவுக்கோடு மெல்லிசாக, வளைவு தொடங்கும் இடத்தில் பிசிறில்லாமல், அச்சாப் படம். ஆனால் செக்‌ஷனில் தண்டுக்கும் சரிவுக்கோடு போட்டிருந்தாள். ஹச்சிங் என்போம், வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டுகிற கோடுகள். நீளவாக்கில் வெட்டும்போது உள்ளே இடைவெளி இல்லாத தண்டுக்கு அது போடக்கூடாது. இது நான் வருடம் முழுக்க ஓதுகிற பாடம்.

வந்த அலுவல் என்ன, வாய் போன போக்கு என்ன. “பிள்ளை, இதென்ன கூத்து? தண்டுக்கு ஹச்சிங் போடக்கூடாதெண்டு எத்தினை தரம் தொண்டை கிழியக் கத்தினனான்?” என்று தமிழில் ஏசிவிட்டேன்.

வாங்கில் குனிந்திருந்தவள் தலையை நிமிர்த்தினாள். “அது தண்டில்லை சேர். குழாய்.”

“குழாயோ? உரலுக்கு ஆரடி குழாய் வைக்கிறது? அமத்தினா நெளிஞ்செல்லோ போகும்.”

“நெளியாது சேர். அது அலுமினியம். தடிப்பு அஞ்சு மில்லிமீற்றர், நான் அளந்தனான். குழாய்ச் சுவருக்கு மட்டும்தான் ஹச்சிங். நடுவில வெறுமையா விட்டிருக்கிறன், வடிவாப் பாருங்கோ.”

“எனக்குப் பாடம் எடுக்காத. உள்ளுக்குக் கோறையெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“மேல் பக்கம் துறந்துதான் கிடக்கு. அம்மா அதுக்குள்ளதான் அகப்பை வைக்கிறவ.”

வாசலில் இருந்து தாய் அழுத குரலோடு சொன்னார்: “ஓம் சேர். அதுக்குள்ளதான் வைக்கிறனான்.”

“கதையை விட்டிட்டுக் கீறிக் காட்டு பாப்பம்,” என்றேன்.

அவள் எழும்பி வந்து, எவரையும் கேட்காமல் ஓஐசியின் பென்சிலை எடுத்து, பாவித்த தாள் ஒன்றின் பின்புறத்தில், மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரிகிற ஐசோமெட்ரிக் வரையத் தொடங்கினாள். ஸ்கேல் இல்லை, வெறும் கை. உருளை வந்தது, உருளைக்கு இரண்டு, அமத்துகிற குழாய்க்கு இரண்டு என்று நான்கு கைபிடிகள் வந்தன, பாதி வெளியே இழுத்த குழாயும் அதன் திறந்த வாயும் வந்தன. கடைசியாக, அடித்துளைகளால் நூல் நூலாகத் தட்டில் விழுகிற இடியாப்பத்தையும் கீறிவிட்டாள். பாடத்திட்டத்தில் அது இல்லை.

ஓஐசி எழும்பிக் குனிந்து பார்த்தார். “நீங்கள் இரண்டு பேரும் எதற்குச் சண்டை பிடிக்கிறீர்கள்?” என்று என்னைக் கேட்டார்.

“கோட்டுக்கு,” என்றேன். “இந்த இடத்தில் கோடு போட்டது பிழை. அவள் சரி என்கிறாள்.”

அவர் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஜீப் வந்துகொண்டிருக்கிறது. பொய்ச் சாட்சி சொல்ல வந்த ஆள் என்றால் இந்த நேரம் படம் நன்றாயிருக்கிறது என்றுதானே சொல்வான். நீர் பிழை பிடிக்கிறீர்.” பிறகு பெருமூச்சு விட்டுக் கதிரையில் இருந்தார். “உண்மையாகவே நீர் வாத்திதான். கூட்டிக்கொண்டு போம்.”

டைட்டில் புளொக்கின் வெற்றுக் கட்டத்தில் சிங்களத்தில் ‘இந்தியாப்ப வங்கெடிய’ என்று தன் கையாலேயே எழுதி, இன்னொரு செக்பொயின்டில் மறிக்காமல் இருக்க ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தார். ஐசோமெட்ரிக்கை மட்டும் தான் வைத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்து, காலி நகருக்குப் போகிற காலி வீதியைக் கடக்கும்போது ஜீப் உள்ளே திரும்பியது. தாய் மகளின் கையை விடவேயில்லை.

எனக்கு வேறொரு பயம் வந்தது அதற்குப் பிறகுதான். இனி அந்தப் பிள்ளை பென்சிலைத் தொடுமா, தாய்தான் தொட விடுவாரா என்று இரவு முழுக்க யோசனை. விட்டுவிட்டால் நான் எவரைக் குறை சொல்வது?

மறுநாள் முதல் பாடத்துக்கே தயாளினி வந்தாள். சீலைப் பையில் எதையோ பாரமாகத் தூக்கிவந்து என் மேசையில் டங்கென்று வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தால் இடியாப்ப உரல்.

“உனக்கென்ன விசரோ? இதைத் தூக்கிக்கொண்டு அந்தச் செக்பொயின்டாலயோ வந்தனீ?”

“அதால என்ன சேர்? அவங்கள் நம்பீட்டாங்கள். நீங்கள்தான் இன்னும் நம்பேல்லை.”

பின்னால் இருந்த பிள்ளைகள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். உள்ளிருந்த அகப்பையை வெளியே எடுத்துவிட்டு உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். குழாய்தான். அளந்தேன், சுவர்த் தடிப்பு சரியாக ஐந்து மில்லிமீற்றர். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரைக்கும், பொருளைக் கண்ணால் காணாமல் எந்தப் பிள்ளையின் தாளிலும் நான் சிவப்புப் பேனை வைத்ததில்லை.